கையொப்பம் தேவையில்லை

அந்த ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த இயந்திரத்தைச் சுற்றறிக்கை 'செயற்கை நுண்ணறிவு முடிவு அமைப்பு' என்று குறிப்பிட்டது. மாடியில் இருந்தவர்கள் முதல் வாரத்திலேயே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவார்கள். பெயர் பொருந்தியதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. வந்த அன்றே அதற்குத் தனி ஏசி அறை. மற்றவர்கள் தலைக்கு மேல் அதே பழைய மின்விசிறி. அது சொன்னால் சொன்னதுதான், ஏன் எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. அதைக் கவனித்துக்கொள்ளத் தலைமை அலுவலகம் ஒரு பெண் பொறியாளரை அனுப்பியது. நாற்பது வயதுகூட ஆகாதவள். ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று பார்ப்பதே அவள் வேலை. அதனால் அவளுக்கு மாமியார் என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டாள்.

நம் கதை மாப்பிள்ளையைப் பற்றியதல்ல. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளைப் பற்றியது. க்ளெய்ம் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவள். பாலிசி எடுத்தவர் இறந்துபோனால் குடும்பத்தார் கொண்டுவரும் காகிதங்களைப் படித்து, பணம் தரலாமா கூடாதா என்று முடிவெடுக்கிற வேலை. சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் சிவப்பு மையால் கேள்வி எழுதுவாள். அதனால் முதுகுக்குப் பின்னால் சிவப்பு மை. முகத்துக்கு முன்னால் அக்கா. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்.

மாப்பிள்ளை வந்த பிறகு முடிவெடுப்பது அது. இயந்திரம் தள்ளிவிடுகிற ஒவ்வொரு க்ளெய்மையும் ஒரு மனிதர் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னதால், அந்த மனிதராக அக்காவை உட்கார வைத்தார்கள். திரையில் கோப்பு வரும். கீழே இரண்டு பொத்தான்: 'ஒப்புதல்', 'மாற்றுக் கருத்து'. நாளொன்றுக்கு முந்நூறு கோப்பு. கணக்குப் போட்டால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. மாற்றுக் கருத்து நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் மேலாளர் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். மேசையிலிருந்த தொலைபேசியையும், இனி தேவைப்படாது என்று ஒருநாள் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அக்கா பெரும்பாலும் ஒப்புதலையே அழுத்தினாள். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. மாப்பிள்ளை படித்த பழைய கோப்புகளில் முக்கால்வாசி அவளுடையவை. தாமதமே இல்லாத, சுத்தமான கோப்புகள் என்று தலைமை அலுவலகமே தேடி எடுத்தது. விழா வைத்து, பெயர் பொறித்த கண்ணாடிப் பலகை கொடுத்தது. தன் தலையில் இருப்பதுதான் அதன் தலையிலும் இருக்கிறது என்று அவள் நம்பினாள். தன்னையே யாராவது சந்தேகப்படுவார்களா?

ஒரு செவ்வாய்க்கிழமை, கீழ்த்தளத்தில் ஆள் குறைவு என்று அக்காவைக் கவுன்டரில் உட்காரச் சொன்னார்கள். பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் நான்காக மடித்த கடிதம். அவள் கணவன் லாரி ஓட்டுநர். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சாப்பிட வண்டியை நிறுத்திய இடத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பணம் தர இயலாது என்று கம்பெனியின் கடிதம் வந்திருந்தது. அதன் கடைசி வரி: 'இது கணினியால் உருவாக்கப்பட்டது. கையொப்பம் தேவையில்லை.'

"இத யாரு பாத்தாங்கன்னு சொல்ல முடியுங்களா?" என்று கேட்டாள்.

"சிஸ்டம்தான்மா முடிவு பண்ணும்."

"அது சரிங்க. யாரு பாத்தாங்க?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் சண்டைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் சட்டை கம்பெனில செக்கிங்ல இருக்கேங்க. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. பாத்து முடிச்சு ஒவ்வொரு பையிலயும் என் நம்பர் சீட்டு வைப்பேன். பதினேழு. ஒரு பட்டன் தெறிச்சாகூட, சட்டை எந்த ஊருக்குப் போயிருந்தாலும், யாரு அந்தப் பதினேழுன்னு கேட்டு வந்துடுவாங்க. இந்தக் கடுதாசில அந்த மாதிரி ஒண்ணும் காணோம். அதான் கேட்டேன்."

அக்கா எண்ணைத் தட்டிப் பார்த்தாள். இறப்புச் சான்றிதழ், மருத்துவமனைக் காகிதம், வாரிசுச் சான்று எல்லாம் இருந்தன. சான்றிதழ் மட்டும் இரண்டு மாதம் தாமதம். மாப்பிள்ளையின் முடிவு: நிராகரிப்பு. அதற்குக் கீழே: மனிதச் சரிபார்ப்பு முடிந்தது, மாலை 3.42, எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது விநாடி. பக்கத்தில் அக்காவின் பணியாளர் எண்.

'பார்த்தது நான்தான்' என்று சொல்ல வாய் வரை வந்ததை மென்று விழுங்கினாள். "பேப்பர குடுத்துட்டுப் போங்கம்மா. நான் பாக்கறேன்" என்றாள். பார்க்கிறேன் என்று சொன்னது அவள் காதிலேயே நாராசமாக விழுந்தது.

மதியம் சாப்பிடாமல் ஏசி அறைக்குப் போனாள். மாமியார் நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"இந்த ஃபைல ஏன் தள்ளுச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

மாமியார் கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டினாள். "ஒரே காரணம்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா எடை அதிகமா இருக்கறது ரெண்டு விஷயம். ஆள் செத்தது வெளியூர். சான்றிதழ் இருபத்தெட்டு நாளுக்குள்ள வரல. ரெண்டும் சேந்தா தள்ளிடுது. கிட்டத்தட்ட எல்லாத்தையுமே."

"வெளியூர்ல செத்தா சான்றிதழ் தாமதமாத்தானே வரும்? அது குத்தமா?"

"குத்தம்னு நாங்க யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. பழைய ஃபைல்ல அப்படித்தான் முடிவு இருந்துது." திரையை அக்கா பக்கம் திருப்பினாள். "அதுல பெரும்பாலும் உங்க ஃபைல்தான்."

அந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு க்ளெய்ம் வந்தால் முப்பது நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். தாண்டினால் பிரிவுக்குக் கரும்புள்ளி, அந்த வருடம் யாருக்கும் போனஸ் இல்லை. வெளியூரில் இறந்தவர்களின் சான்றிதழோ ஆடி அசைந்து இரண்டு மூன்று மாதத்தில்தான் வரும். அதற்கு அக்காவும் மேலாளரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இருபத்தெட்டாம் நாள் கோப்பில் நிராகரிப்பு என்று பதிவு செய்துவிடுவது, கடிகாரம் நின்றுவிடும். சான்றிதழ் வந்ததும் புது எண்ணில், மேலாளர் சிறப்பு அனுமதி என்று மறுபடி திறந்து பணத்தைக் கொடுத்துவிடுவது. பிரிவில் இதற்குத் தூங்கப்போடுவது, எழுப்புவது என்று பெயர். எந்தக் கோப்பு எந்த எண்ணில் எழுந்தது என்ற விவரம் கணினியில் கிடையாது. அக்காவின் நோட்டில் மட்டும் இருந்தது. இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது எண். பதினோரு வருடம், ஐந்து நோட்டு.

தூங்கப்போட்ட உடனே நிராகரிப்புக் கடிதம் தானாகப் போய்விடும். ஆகவே அன்றே அந்த வீட்டுக்கு அக்கா தொலைபேசியில் பேசுவாள். "கடுதாசி ஒண்ணு வரும், அதக் கண்டுக்காதீங்க. சான்றிதழ் வந்ததும் நேரா எங்கிட்ட வாங்க, பணம் வந்துடும்." அந்தப் பேச்சு எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. பாடம் எடுத்தபோது சிறப்பு அனுமதிகளையும், குழப்பம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை தூங்கப்போடக் கற்றுக்கொண்டது. எழுப்பக் கற்றுக்கொள்ளவில்லை. பதினான்கு மாதத்தில் அப்படித் தூங்கப்போட்டது முந்நூற்று எண்பத்தாறு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் அக்காவுடையது.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொன்னால் அது பொய். பயந்த மனிதர்.

"அந்தம்மா ஃபைல்ல மாற்றுக் கருத்து போட்டுடுங்க மேடம். இன்னிக்கே பணம் போயிடும். மத்தத மாமியார்கிட்ட சொல்லி மெதுவா சரி பண்ணிக்கலாம். நோட்டப் பத்திப் பேச்சே வேணாம்."

"மெதுவான்னா எவ்ளோ நாள் சார்?"

"ஒரு எட்டு மாசம்னு வைங்களேன். நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க. நானும் மாத்தலாகிப் போயிடுவேன்."

"இதுவரைக்கும் தள்ளினவங்க?"

"கேட்டு வர்றவங்களுக்குக் குடுத்துடலாம்."

"வராதவங்களுக்கு?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோட்டு வெளிய வந்தா அது மோசடி மேடம். பதினோரு வருஷம் தேதிய ஏமாத்தியிருக்கோம். உங்க பணிக்கொடைய நிறுத்தி வைப்பாங்க. வீட்டுல அவருக்கு ஆபரேஷன் இருக்குன்னு சொன்னீங்களே."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. லாரி ஓட்டுநர் மனைவியின் கோப்பில் மாற்றுக் கருத்தை அழுத்திவிட்டு, மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்தவர். இரண்டு முட்டியும் தேய்ந்து, மாடிப்படி முப்பத்து நான்கையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறவர். பணிக்கொடை வந்ததும் அறுவை சிகிச்சை என்று நாள் குறிக்காத குறை. அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "முட்டி எங்கயும் ஓடிப் போயிடாது. ஓடினா நல்லதுதான்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்து நோட்டையும் மேசையில் பரப்பினார்கள். மாப்பிள்ளை கற்றது தவறு என்று நிரூபிக்க அந்த நோட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இத்தனை கோப்பு நிராகரிப்பு என்று பதிவானது, இத்தனைக்கும் பணம் கொடுத்தோம் என்று பட்டியல் காட்டிவிட்டால் யாரும் மழுப்ப முடியாது. அவர் வரிவரியாகப் படிக்க, அவள் தட்டச்சு செய்தாள். படிப்பவர் வேன் ஓட்டிய குரலில், பிள்ளைகளின் வருகைப் பதிவு எடுப்பதுபோலப் படித்தார்.

முதல் நோட்டில் நாற்பது வரி தாண்டியதும் அவர் நின்றார். "இதுக்கு எதிர்ல ஒண்ணும் இல்லையே."

"இருக்கும், நல்லாப் பாருங்க."

"இல்லம்மா. காலியா இருக்கு."

"சரி, அடுத்தத படிங்க."

அடுத்தது இருந்தது. அதற்கும் அடுத்தது இருந்தது. பன்னிரண்டு வரி கழித்து மறுபடி நின்றார். நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில், சிவப்பு மையில், சின்னதாக: 'மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.'

மதியத்துக்குள் முடித்தார்கள். தூங்கப்போட்டது தொள்ளாயிரத்து இரண்டு. எழுப்பியது எண்ணூற்று அறுபத்தைந்து. மிச்சம் முப்பத்தேழு. அத்தனையும் மாப்பிள்ளை பிறப்பதற்கு முந்தியவை. எல்லாரையும் எழுப்பிவிட்டோம் என்று அக்கா இத்தனை வருடமாக மனசாரச் சொல்லிவந்தாள், கண்ணாடிப் பலகை வாங்கிய மேடையில்கூட. யாரிடமும் பொய் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஐந்து நாளாக மாப்பிள்ளை மேல் இருந்த கோபம் இப்போது போக இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய், நோட்டுகளையும் பட்டியலையும் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு கொடுத்தாள். முப்பத்தேழு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொண்டாள். அதுவும் விதிமீறல்தான். செய்ததோடு இதுவும் சேரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. வெளியூர் இறப்புகளில் மாப்பிள்ளை முடிவெடுப்பதை மாமியார் அன்று மாலையே நிறுத்தினாள். மேலிடத்து உத்தரவு மறுநாள்தான் வந்தது. முந்நூற்று எண்பத்தாறு கோப்பும் மறுபடி திறக்கப்பட்டன. நாளொன்றுக்கு முந்நூறு என்பது அறுபதாகக் குறைந்தது. கழற்றிப்போன தொலைபேசி திரும்ப வந்தது. இனி போகும் கடிதங்களில் 'இந்த முடிவைப் பார்த்தவர்' என்று ஒரு பெயரும் எண்ணும் இருக்கவேண்டும் என்று மாமியார் எழுதிக் கேட்டாள். கேட்டதற்கு அவளுக்குக் கிடைத்த பேச்சு தனிக் கதை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

அக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பணிக்கொடை, விசாரணை முடியும்வரை கிடையாது. மேலாளர் விடுப்பில் போனார். முப்பத்தேழு பேரைப் பற்றிக் கேட்டதற்குச் சட்டப் பிரிவிலிருந்து ஒரு வரி பதில் வந்தது: சான்றிதழ் சமர்ப்பிக்கப்படாத கோப்புகள் மறுபரிசீலனைக்கு உட்பட்டவையல்ல, இப்போது சமர்ப்பித்தால் பரிசீலிக்கப்படும்.

சமர்ப்பிக்கலாம் என்று அந்த முப்பத்தேழு பேரிடம் யார் போய்ச் சொல்வது?

பட்டியலில் இருப்பதிலேயே பக்கமான முகவரி பேருந்தில் முக்கால் மணி நேரம். நீளமான கட்டிடம், வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கதவைத் திறந்தவளுக்கு அக்காவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒரு விடுதியில் சமையல் வேலை. காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். அவள் கணவன் கட்டிடங்களுக்கு வண்ணம் அடிப்பவன், வேலைக்குப் போன ஊரில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவன். ஒன்பது வருடம் ஆகிறது. அக்கா தான் எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னதும், அவள் முகத்தில் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

"சான்றிதழ் வாங்கப் போகணும்னு வண்டிச் செலவுக்குக் காசு சேத்து வச்சிருந்தேங்க. அதுக்குள்ள உங்க கடுதாசி வந்துடுச்சு. தர மாட்டோம்னு எழுதியிருந்துது. தராத பணத்துக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போவானேன்னு விட்டுட்டேன்."

"அதக் கண்டுக்காதீங்கன்னு சொல்லத்தாம்மா ஃபோன் பண்ணேன். மூணு தடவ பண்ணேன். யாரும் எடுக்கல."

"எந்த நம்பருக்கு?"

அக்கா காகிதத்தைப் பார்த்து எண்ணைப் படித்தாள். அந்தப் பெண் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது அவரு நம்பருங்க. அவரு விழுந்தப்ப அவரு பையிலதான் இருந்துது."

பாலிசி எடுத்தவரின் எண். விண்ணப்பத்தில் இருந்த ஒரே எண். மூன்று முறையும் அக்கா செத்தவனைக் கூப்பிட்டுக் காத்திருந்து, எடுக்கவில்லை என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போயிருக்கிறாள். முப்பத்தேழு பேரில் எத்தனை பேருக்கு இப்படி என்று எண்ணிப் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

"பசங்க?" என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒருத்தன்தாங்க. படிப்ப நிறுத்திட்டு அவங்கப்பா வேலைக்கே போயிட்டான். இப்ப பன்னெண்டாவது மாடி அடிச்சுட்டு இருக்கான்." சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பழைய கடிதம், பிளாஸ்டிக் உறையில். "இத ஏன் வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல. கையெழுத்துகூட இல்லாத கடுதாசி."

அக்கா அதை வாங்கி உறையிலிருந்து எடுத்தாள். கைப்பையில் பேனாவைத் தேடினாள். அது சிவப்பு மைதான். சுவரில் வைத்து, 'கையொப்பம் தேவையில்லை' என்ற வரிக்குக் கீழே தன் முழுப் பெயரை எழுதி, பணியாளர் எண்ணை எழுதி, அன்றைய தேதியைப் போட்டாள்.

"அப்ப பாத்தது நான்தாம்மா" என்றாள்.

அந்தப் பெண் கடிதத்தைத் திரும்ப வாங்கி, எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா" என்றாள்.

உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அக்கா வாசலில் நின்றபடியே, சான்றிதழ் வாங்கவேண்டிய ஊருக்கு மறுநாள் காலையில் எத்தனை மணிக்கு ரயில் என்று சொன்னாள்.